பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவையுங்கள்: ஹீட் பம்புக்கு 7,500 பவுண் மானியம்

ஜனவரி மாதம், வெளியே இரண்டு பாகை குளிர், பாய்லர் நின்றுவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள். வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பம் எடுத்து, மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்தான் ஹீட் பம்ப். அந்த நேரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வராது. நாளைக்கே வந்து புது காஸ் பாய்லர் பூட்டித் தருபவர் யார் என்றுதான் தேடுவோம். பூட்டினால் அடுத்த பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக்கு அதுதான். ஹீட் பம்புக்கு வீடு பார்த்து, விண்ணப்பம் போட்டு, பூட்டி முடிக்கப் பல கிழமை ஆகும். மானியம் கேட்க உங்கள் பாய்லர் பழுதாகியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. நடத்துவது மின்சார, காஸ் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம். 2022 மே மாதம் விண்ணப்பங்கள் தொடங்கியபோது, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புக்கு 5,000 பவுணும், நிலத்திலிருந்து எடுப்பதற்கு 6,000 பவுணும் கொடுத்தார்கள். 2023 அக்டோபர் 23 முதல் இரண்டுக்கும் 7,500 பவுண். இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. உங்கள் சம்பளம் எவ்வளவு, பெனிஃபிட் எடுக்கிறீர்களா என்றெல்லாம் இதில் பார்க்கமாட்டார்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து வழியாக வேறு ஏற்பாடு: 7,500 பவுண் மானியம், நாட்டுப்புறப் பகுதியென்றால் 9,000, அதற்கு மேல் வட்டியில்லாக் கடனும் கேட்கலாம். அங்கே அனுமதி கைக்கு வருவதற்கு முன் வேலையைத் தொடங்கிவிட்டால் பணம் கிடைக்காது.

வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நீங்களே குடியிருக்க வேண்டும் என்பதில்லை, வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கும் உரிமையாளர் வாங்கலாம். கவுன்சில் வீடுகளுக்கும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கும் இந்தப் பணம் கிடையாது. பில்டரிடம் வாங்கிய புத்தம்புது வீட்டுக்கும் இல்லை, ஆனால் நீங்களே நிலம் வாங்கிக் கட்டிய வீடென்றால் உண்டு. இப்போது இருப்பது காஸ், எண்ணெய் அல்லது சாதாரண மின்சார ஹீட்டராக இருக்க வேண்டும். வீட்டுச் சூடும் வெந்நீரும் முழுக்கப் புது பம்பிலிருந்தே வர வேண்டும். பாய்லரையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பம்பும் பூட்டினால் மானியம் இல்லை. ஆனால் காஸ் அடுப்பைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். தோசைக்குத் தீ வேண்டும் என்பவர்கள் அடுப்பை வைத்துக்கொள்ளலாம். என்ன, காஸ் இணைப்பை அடியோடு துண்டித்தால் மிச்சமாகும் நாள் கட்டணம், தினமும் சுமார் 30 பென்ஸ், அப்போது மிச்சமாகாது.

வீட்டின் எரிசக்தித் திறனைச் சொல்லும் ஈபிசி அறிக்கையில், வெப்பம் வெளியேறாமல் கூரைக்குள் இன்சுலேஷன் போடுங்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பின்வாங்கினார்கள். அதைப் போட்டால்தான் மானியம் என்ற அந்தத் தடையை 2024 மே மாதம் எடுத்துவிட்டார்கள். போட்டால் பில் குறையும் என்பது வேறு விஷயம், கட்டாயமாகவே போடுங்கள். மானியத்துக்கு அது நிபந்தனை இல்லை, அவ்வளவுதான்.

சரி, எப்படி விண்ணப்பிப்பது? நீங்கள் விண்ணப்பிப்பதே இல்லை. பம்ப் பூட்டும் நிறுவனம்தான் உங்களுக்காக ஆஃப்ஜெமில் விண்ணப்பிக்கும். அந்த நிறுவனத்துக்கு, இந்த வேலையின் தரத்துக்கான எம்சிஎஸ் சான்று இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒன்றைத் தேர்ந்ததும் அவர்கள் விவரங்களை அனுப்புவார்கள். அப்புறம் ஆஃப்ஜெம் உங்களைத் தொடர்புகொண்டு, உங்கள் சம்மதத்தோடுதான் இது நடக்கிறதா என்று கேட்கும். இங்கேதான் பல விண்ணப்பங்கள் தேங்குகின்றன: மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய்விடும், அல்லது பிள்ளையின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருப்பார்கள், அவர் பார்த்திருக்கமாட்டார். நீங்கள் தினமும் திறக்கும் முகவரியைக் கொடுங்கள். சம்மதம் சொன்னதும் நிறுவனத்துக்கு வவுச்சர் போகும். காற்று பம்புக்கு மூன்று மாதம், நில பம்புக்கு ஆறு மாதம் செல்லுபடியாகும். 7,500 பவுண் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் அதை உங்கள் பில்லில் கழித்துத்தான் தர வேண்டும். காற்று பம்ப் பூட்ட மொத்தம் 13,000 பவுண் அளவில் ஆகிறது என்று வைத்தால், உங்கள் கையிலிருந்து 5,500 பவுண். இந்த வேலைக்கு 2027 மார்ச் 31 வரை வாட் வரியும் இல்லை.

ஒரு நிறுவனம் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, மானியப் பத்திரங்களைத் தயார்செய்ய 500 பவுண் முன்பணம் கேட்டது. வீட்டை வந்து பார்க்கவே இல்லை. அப்படிக் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். மானியம் கேட்பதற்கு ஆஃப்ஜெம் உங்களிடம் ஒரு பென்ஸ்கூட வாங்குவதில்லை.

நல்ல நிறுவனம் எது என்பது சர்வே நாளில் தெரியும். எங்கள் மூன்று அறை டெரஸ் வீட்டுக்கு வந்தவர் இரண்டரை மணி நேரம் இருந்தார். ஒவ்வொரு அறையின் நீள அகலம், ஜன்னல், வெளிச்சுவர் எல்லாம் அளந்தார். ஒவ்வொரு ரேடியேட்டரின் உயரமும் தடிமனும் குறித்தார். குழாயைக் குறடால் பிடித்து அதன் விட்டம் பார்த்தார். ஒவ்வொரு அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்கு இதிலிருந்துதான் வரும். பாய்லர் 70 பாகையில் தண்ணீர் அனுப்பும், ஹீட் பம்ப் 35இலிருந்து 50 பாகைக்குள் ஓடினால்தான் லாபம். அதனால் சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டிவரும். எங்களுக்கு ஏழில் மூன்று. கூடவே வெந்நீர் சிலிண்டருக்கு இடம் வேண்டும். சிலிண்டர் இல்லாமலே வெந்நீர் தரும் காம்பி பாய்லர் வைத்த வீடுகளில் அந்த அலமாரியை எப்போதோ சூட்கேஸ்களுக்கும் அரிசி மூட்டைக்கும் கொடுத்திருப்போம். அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

பில் குறையுமா என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு ஆஃப்ஜெம் வைத்த விலை உச்சவரம்பில் மின்சாரம் யூனிட் 26.35 பென்ஸ், காஸ் 6.29 பென்ஸ். ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம் தரும் பம்பென்றால் ஒரு யூனிட் வெப்பம் 7.5 பென்ஸ். பழைய காஸ் பாய்லரில் வீணாவது போக 7.4 பென்ஸ். ஆக, அந்த விலையில் சமம்தான். பம்ப் நான்கு மடங்கு தந்தால் உங்களுக்கு லாபம், மூன்றுதான் தந்தால் நட்டம். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள இந்த வித்தியாசம் சர்வேயிலும் ரேடியேட்டரிலும்தான் இருக்கிறது. மலிவான கோட்டேஷனை விடச் சரியான கணக்கைத் தேடச் சொல்வது அதனால்தான். ஹீட் பம்புக்கென்றே சில மணிநேரம் மலிவு விலையில் மின்சாரம் தரும் கட்டணத் திட்டங்களும் இருக்கின்றன.

கோடையில் குளிர்விக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்த 7,500 பவுண், ரேடியேட்டருக்கும் தரைக்கும் தண்ணீர் அனுப்பும் வகைக்கு மட்டும். ஏசி மாதிரிச் சுவரிலிருந்து காற்று ஊதும் வகைக்கு அது கிடையாது.

பிளானிங் அனுமதி இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். பம்பின் வெளிப்பெட்டி வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியை 2025 மே 29 முதல் நீக்கிவிட்டார்கள். ஒடுங்கிய பின்வளவு உள்ள டெரஸ் வீடுகளுக்கு இது பெரிய விடுதலை. சத்த அளவுக்கான விதி இன்னும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமென்றால் கவுன்சிலிடமும், லீஸ்ஹோல்டு ஃபிளாட் என்றால் கட்டட உரிமையாளரிடமும் முதலில் கேளுங்கள்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். குளிரான ஒரு கிழமையில் உங்கள் பாய்லரின் ரேடியேட்டர் வெப்பத்தை, வெந்நீர் வெப்பத்தை அல்ல, 50 பாகைக்குக் குறைத்து விடுங்கள். காலையில் சீக்கிரமே போட்டுவிட்டு, ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பாருங்கள். எந்த அறை சூடாகவில்லையோ அதைக் குறித்துவைத்து, சர்வேக்கு வருபவரிடம் முதலில் அந்த அறையைக் காட்டுங்கள்.