எந்திரிச்சு நின்ன முதல் மூணு நிமிஷம்

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு 72 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. கொல்லையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. ஊரை விட்டு வர மாட்டேன் என்று தனியாகத்தான் இருக்கிறார். வீட்டுக்கு வந்த நர்ஸ் தையல் பிரித்த இடத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தார். அப்புறம் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி இன்னும் இரண்டு தடவை பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னார். கக்கூஸ் கதவை டேப் வைத்து அளந்தார். முறிந்தது கால். கையில் எதற்கு மூன்று தடவை பிரஷர்?”

நர்ஸ் எழுதிக் கொடுத்த எண்களும் கடிதத்தில் இருக்கின்றன. படுத்திருக்கும்போது 142/80, நாடி 76. நின்று ஒரு நிமிடத்தில் 118/74, நாடி 80. மூன்றாம் நிமிடத்தில் 116/72, நாடி 81.

அந்த நர்ஸ் அருமையாக வேலை செய்திருக்கிறார். தையல் இடத்தில் பார்க்க வேண்டியது அதிகமில்லை: சிவப்பு, சூடு, வீக்கம், கசிவு, வாடை, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். இவற்றில் எதுவும் இல்லையென்றால் ஒரு நிமிடம் போதும். கெண்டைக்காலையும் தொட்டுப் பார்த்திருப்பார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு காலிலும் சுற்றளவு எடுக்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் ஆழ்சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் சிரை; இது காலுக்குள் ஆழத்தில் ஓடுவது) ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி வீங்கிய காலில் தைலம் போட்டு உருவிவிடுவது கூடவே கூடாது. பிடுங்கிக்கொண்ட உறைகட்டி நேராக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். குதிகாலிலும் வால் எலும்பின் மேலும் படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருப்பது தெரியும்.

இதெல்லாம் எந்த நோயாளிக்கும் பார்ப்பதுதான். தனியாக இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: இவர் மறுபடி விழுவாரா? வீட்டில் ஆள் இருந்தால் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வருவார்கள். ஆள் இல்லாத வீட்டில், எழ முடியாமல் தரையிலேயே மணிக்கணக்காகக் கிடக்க நேரும். உடம்பின் எடையில் நசுங்கும் தசை சிதைந்து, அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாக்கு வறண்டு போகும். அழுத்தப் புண் வந்துவிடும். எலும்பு எதுவும் முறியாத ஒரு சாதாரண விழுகை, யாரும் வந்து பார்க்காததாலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இப்படிப்பட்ட விழுகைகள் பல படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுந்த உடனே, நிற்கும் அந்தச் சில நொடிகளில் தொடங்குகின்றன. அதனால்தான் அந்த மூன்று அளவுகள்.

நிற்பது என்பது உடம்புக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். ரத்தத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு சென்டிமீட்டர் உயர ரத்தத் தம்பம் ஏறக்குறைய 0.77 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். நிற்கும்போது மூளை இதயத்துக்கு மேலே சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது அழுத்தம் 23 மி.மீ. குறைந்துவிடும். கீழ்வீட்டுக் குழாயில் கொட்டுகிற தண்ணீர் மாடிக் குழாயில் நூலாக வருவதும் இதே கணக்குதான். பாதமோ இதயத்துக்கு 120 செ.மீ. கீழே இருக்கிறது. அங்குள்ள சிரைகளில் 90 மி.மீ.க்கு மேல் அழுத்தம் கூடிவிடும். சிரைகள் மெத்தென்ற பைகள், அழுத்தினால் விரிந்துகொடுக்கும். எழுந்து நின்ற சில நொடிகளில் அரை லிட்டரிலிருந்து 800 மி.லி. வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கித் தங்கிவிடுகிறது. நிரம்பிய பெரிய செம்பு ஒன்றை மார்பிலிருந்து எடுத்துக் காலில் ஊற்றியது போல. இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைகிறது. வராததை அது வெளியே தள்ள முடியாது.

ஆனாலும் நாம் தினமும் எத்தனை தடவை எழுகிறோம்! பெரும்பாலும் தலை சுற்றுவதே இல்லை. தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் மெல்ல விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தக் கழுத்துத் தமனி மேலே போய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் சற்றே புடைத்திருக்கும். அங்கே சுவர் மெல்லியது. சுவருக்குள் நரம்பு நுனிகள் கொடிவேர் போலப் பரவியிருக்கின்றன. (அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். வயதானவர்களுக்கு அதனாலேயே மயக்கம் வரலாம்.) இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் சுவர் விரிகிறது, நரம்பு நுனி இழுபடுகிறது, ஒரு மின்துடிப்பு மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்துக்குப் போகிறது. “அழுத்தம் இருக்கிறது, இருக்கிறது” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் நரம்பு இது. எழுந்து நின்றதும் சுவர் தளர்கிறது, துடிப்புகள் குறைகின்றன. ராத்திரியெல்லாம் விசில் ஊதி வந்த காவல்காரரின் சத்தம் நின்றால் தெரு விழித்துக்கொள்ளுமே, அப்படித்தான். அந்த அமைதியைக் கேட்டு முகுளம் இரண்டு காரியம் செய்கிறது. இதயத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியை விடுகிறது. ஓரிரண்டு துடிப்புகளுக்குள் நாடி வேகமெடுக்கிறது. இன்னொரு நரம்புத் தொகுதி வழியாகக் காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்கிறது. குழாய்ச் சுவரின் தசை மெதுவாகத்தான் சுருங்கும், அதற்குச் சில நொடிகள் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கண் இருட்டுகிறது.

இழுபடுவதை ஒரு நரம்பு எப்படி மின்துடிப்பாக மாற்றுகிறது என்பது நீண்ட காலம் விளங்காமலே இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் ஒரு செல்லை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் குத்தி, அதில் மின்னோட்டம் எழுவதைக் கண்டார்கள். காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்து, 2010இல் பீசோ என்ற புரதத்தைப் பிடித்தார்கள். செல் சவ்வில் மூன்று இதழ் விரித்த பூப்போல அமர்ந்திருக்கும் புரதம் அது. சவ்வு இழுபட்டால் இதழ்கள் தட்டையாகி நடுவில் துளை திறக்கும், அயனிகள் உள்ளே பாயும். கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணர்பவையும் இந்தக் குடும்பத்தின் இரண்டு புரதங்களே என்று 2018இல் எலிகளில் தெளிவானது. 2021இல் பட்டபூட்டியனுக்கு நோபல் பரிசு, டேவிட் ஜூலியஸுடன் சேர்ந்து. செல்லைக் குத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கப் பணம் கொடுக்கிற மனம் ஒரு நாட்டுக்கு வேண்டும். அதே அளவு மனம், நம் கிராமத்து வீட்டில் கட்டிலின் உயரத்தையும் கக்கூஸ் படியின் உயரத்தையும் அளந்து யார் எங்கே விழுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டும். இரண்டாவதுக்குச் செலவும் குறைவு.

எழும்போது கிறுகிறுத்தால் “பித்தம் தலைக்கேறிருச்சு” என்று எலுமிச்சம்பழம் தேய்ப்பதும், “ஏதோ காத்து பட்டிருக்கு” என்று கயிறு மந்திரித்துக் கட்டுவதும் இன்னும் நடக்கிறது. கயிறு கட்டுவது பாவமில்லை. ஆனால் கயிறு கட்டியாயிற்று என்று பிரஷர் பார்க்காமல் விடுவதுதான் இன்னொரு எலும்பை முறிக்கிறது. பத்தியமும் அப்படித்தான். புண் சீழ் வைக்கும் என்று முட்டை, மீன், தயிரை நிறுத்திவிட்டால், தசையும் தோலும் வளர வேண்டிய நேரத்தில் புரதம் கிடைக்காது. படுக்கையில் பத்து நாள் கிடந்தாலே வயதானவர்களின் கால் தசை ஒரு கிலோ அளவுக்கு வற்றிவிடும்.

அந்தக் கெண்டைத் தசைக்கு நடப்பதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. சிரைகளுக்குள் ஒருவழிக் கதவு போல வால்வுகள் இருக்கின்றன. தசை சுருங்கும்போதெல்லாம் ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் 90 மி.மீ.யாக இருக்கும் அழுத்தம், நடக்கத் தொடங்கியதும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவது இதனால்தான். தசை வற்றினால் பம்பும் பலவீனம். படுத்தே இருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்துவிடும்.

இதோடு தனியாக இருப்பவர்களுக்கே உரிய ஒரு பழக்கம் சேர்கிறது. நர்ஸ்கள் இதை நேராகக் கேட்க மாட்டார்கள். “அப்பத்தா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றால் “குடிக்கிறேன்” என்றுதான் பதில் வரும். “ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிறீக?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்: “எந்திரிக்க முடியலனுதான் சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல தாயி.” இருட்டில் வாக்கரோடு கொல்லைக்குப் போகப் பயந்து, சித்திரை வெயிலிலும் வாயைக் கட்டுகிறார்கள். நீர் குறைந்த உடம்போடு விடியற்காலையில் எழுந்தால் அழுத்தம் இன்னும் வேகமாக இறங்கும். விழக்கூடாது என்று செய்த காரியமே விழ வைக்கிறது. மாலைக்குப் பின் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் பகலில் நீராகாரம், மோர், தண்ணீர் என்று ஈடுகட்ட வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

அளப்பதில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிற்கும்போது இறங்கும் அழுத்தம். நிற்கும்போது கை கீழே தொங்கினால் கணக்கு கெட்டுவிடும். கையில் கட்டும் பிரஷர் பட்டை இதயத்தைவிட 20 செ.மீ. கீழே இருந்தால் அதே ரத்தத் தம்பக் கணக்கில் 15 மி.மீ. பொய்யாகக் கூடும், இறக்கம் மறைந்துவிடும். வாக்கரைப் பிடித்த கையில் அளந்தாலும் இதே கோளாறு. ஒரு கை வாக்கரில் இருக்க, மற்ற கையைப் பக்கத்தில் நிற்பவர் மார்பு மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றிவிட்டு அதற்குக் கீழே பட்டை கட்டுவதும் தவறு.

கடிகாரம் எதற்கு என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தை எடுக்க. 12 நொடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்பது பொதுக் கணக்கு. ஐந்தாவது வாரத்தில் இவருக்கு அதைவிட அதிகம்தான் ஆகும். அந்த எண் இந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் ஒப்பிட உதவும். எத்தனை முயற்சியில் எழுகிறார், திரும்பும்போது கால் பின்னுகிறதா என்பதைத்தான் அன்றைக்குப் பார்ப்பார்கள். நாற்காலியில் நன்றாக எழுபவர் நார்க்கட்டிலில் தடுமாறுவார். தொய்ந்த கட்டிலில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். எழுவதற்கு மூச்சை அடக்கி முக்கினால் இதயத்துக்கு வரும் ரத்தம் இன்னும் குறையும். பலகைக் கட்டிலே நல்லது, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும்.

கக்கூஸ் கதவின் கதை இன்னும் எளிது. வாக்கரின் அகலம் சுமார் இரண்டடி. கதவு அதைவிடக் குறுகல் என்றால் வாக்கரை வெளியே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் கால் வைப்பார். குந்தி உட்காரும் கக்கூஸ் என்றால், ஆபரேஷனில் மூட்டு மாற்றியிருந்தால் அந்தப் புது மூட்டு 90 டிகிரிக்கு மேல் மடங்கி நழுவலாம். குந்தி எழுவதோ எல்லாவற்றையும்விட அழுத்தத்தை அதிகம் இறக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் துளை நாற்காலி (கமோடு நாற்காலி) ஒன்று வந்தால் இந்த மூன்றும் ஒரே நாளில் தீரும். வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரத்தில் இருக்கட்டும். காலடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இப்போது அம்மாவின் எண்கள். மேல் அளவு மூன்று நிமிடத்தில் 26 இறங்கியிருக்கிறது. நாடி கூடியது வெறும் 5. உடம்பில் நீர் குறைந்ததால் மட்டும் அழுத்தம் இறங்கினால் நாடி விறுவிறுவென்று ஏறி ஈடுகட்டப் பார்க்கும். நாடி ஏற்றத்தை அழுத்த இறக்கத்தால் வகுத்தால் 5/26, அதாவது 0.2க்கும் குறைவு. 0.5க்குக் கீழே வந்தால் செய்தி கொண்டுபோகும் நரம்பே பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். 15 வருடச் சர்க்கரைக்கு அது பொருந்துகிறது. அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் நாடி எப்படியும் அதிகம் ஏறாது, அப்போது இந்த வகுத்தல் செல்லாது. ஃபுரோசெமைடு, பிரசோசின், அமிட்ரிப்டைலின் ஆகியவையும் நின்றால் அழுத்தத்தை இறக்கும். ஆகவே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, இந்த எண்களோடு மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்தால் 142 இருப்பதால் நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

அதுவரை: விழித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து வாக்கரைப் பிடித்து எழ வேண்டும். எழுந்ததும் நடக்காமல் இன்னொரு நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். கண் இருட்டினால் பின்னாலேயே கட்டில் இருக்கும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட பிறகும் இதே எச்சரிக்கை வேண்டும், குடலுக்கு ரத்தம் போய்விடும். பட்டன் போன் மேசையில் இருந்து பயனில்லை. சுருக்குப்பையில் போட்டு கழுத்திலோ இடுப்பிலோ இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம். அடுத்த அளவைக் காலையில் எழுந்தவுடன், காப்பிக்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். இறக்கம் மிக அதிகமாகத் தெரிவது அந்த நேரத்தில்தான்.