நீஷ்: கூடு, மாடம், துறை

ஆடிட்டர் ஆபீசுக்கு இணையதளம் செய்து கொடுக்க வருகிறவர் முதலில் கேட்பது, "உங்க நீஷ் என்ன சார்?" என்பதைத்தான். சிலர் நிச் என்பார்கள். ஆங்கிலத்திலேயே இரண்டு உச்சரிப்பும் உண்டு. யாருடைய எந்தக் கணக்கில் உங்கள் கை தேர்ந்தது என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

நீஷ் (niche) என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பறவைக்கூட்டைக் குறிக்கும் லத்தீன் 'நீடஸ்' இதன் வேர் என்பது பரவலான கருத்து. இத்தாலிய மொழியில் சிப்பியைக் குறிக்கும் சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் முதலில் இது சிலை வைக்கச் சுவரில் குடைந்த குழி. 1917இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் கலிபோர்னியாப் பறவை ஒன்றைப் பற்றிய கட்டுரையில், ஓர் உயிர் தன் சூழலில் பொருந்தி வாழும் இடத்துக்கு இதை எடுத்தாண்டார். வணிகத்துக்கு வந்தது அதற்கும் பின்னால்.

சுவர்க்குழிக்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம். பழைய வீட்டில் விளக்கு வைக்கும் மாடக்குழி அதுதான். சிவன் கோயில் கருவறையின் தெற்குப் புறச்சுவரில் தட்சிணாமூர்த்தி அமரும் கோட்டமும் அதுதான். ஆனால் 'மாடச் சந்தை' என்றால் வியாபாரிக்குப் புரியாது. மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி தென்படும் 'முக்கிய இடம்' தவறு. நீஷ் என்பதன் உயிர் பொருத்தத்தில் இருக்கிறது, முக்கியத்துவத்தில் இல்லை.

'தனித்துறை' என்பதே சரி. துறை என்றால் கல்வித்துறை, வருவாய்த்துறை மட்டுமா? சின்னத்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை என்று குமரியின் மேற்குக் கடற்கரை முழுக்க ஊர்ப்பெயரே துறைதான். இன்ன வள்ளம் இன்ன இடத்தில் கரையேறும் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

ஏஐ தேடலில் இந்தப் பொருள் இன்னும் கூர்மையாகிறது. முன்பு "நாகர்கோவில் ஆடிட்டர்" என்று இரண்டு சொல் தட்டினார்கள். கூகுளின் ஏஐ சுருக்கம் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. இப்போது கேள்வியே இப்படி வருகிறது: "துபாய்ல எட்டு வருஷம் இருந்துட்டு ஊருக்கே வந்தாச்சு, என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு வரி உண்டா?" (என்ஆர்இ, வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போடும் வங்கிக் கணக்கு. என்ஆர்ஓ, அவர் இந்தியாவில் ஈட்டுவதைப் போடும் கணக்கு.) இயந்திரம் இதைப் பல துணைக்கேள்விகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் பத்திகளைப் பொறுக்குகிறது. "வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு முழுமையான வரிச்சேவை" என்ற வரியில் பொறுக்க ஒன்றுமே இல்லை.

பொறுக்கத் தக்க பத்தி இப்படி இருக்கும்: "என்ஆர்ஓ வட்டியில் வங்கி 30 விழுக்காடு வரியும் அந்த வரித்தொகையில் 4 விழுக்காடு செஸ்ஸும் பிடிக்கும். அமீரகத்தின் வரி இருப்பிடச் சான்று கொடுத்தால் இந்திய-அமீரக வரி ஒப்பந்தப்படி 12.5 விழுக்காடு. என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை. ஆனால் அந்த விலக்கு அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரைதான்." வருமான வரிக்கு நாள் எண்ணுவது வேறு, செலாவணிச் சட்டம் பார்ப்பது வேறு. நிரந்தரமாகத் திரும்பியவர், ஓர் ஆண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்தோமா என்ற வருமான வரிக் கணக்கை நம்பி என்ஆர்இ கணக்கை மாற்றாமல் விடுவதுதான் வழக்கமான சறுக்கல். அதை விளக்கும் பத்தியே தனித்துறைப் பத்தி.

ரப்பர் இன்னொரு துறை. பழைய 1962 வருமான வரி விதிகளின் 7ஏ விதிப்படி, சொந்தத் தோட்டத்துப் பாலில் செறிவூட்டிய லேட்டக்ஸ், கிரேப் (சுருக்கம் விழுந்த ரப்பர் தாள்), பிளாக் ரப்பர் செய்து விற்றால் வருமானத்தில் 35 விழுக்காடு வணிக வருமானம், மீதி 65 விவசாய வருமானம். அந்த விதி அடுக்கும் பொருள்களில் புகையிட்ட ஷீட் இல்லை. ஷீட் அடித்து விற்பவரையும் ஆலை வைத்திருப்பவரையும் ஒரே பத்தியில் போட்டால் இருவருக்கும் பதில் தப்பும். தோட்டங்கள் நிறைந்த குலசேகரம் பக்கத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

கெடுவது பெரும்பாலும் எழுதிய விஷயத்துக்கு வெளியே. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பக்கம் திரையில் 'தமிழ்' என்று காட்டும். இயந்திரம் படிப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும்வரை அந்தப் பக்கம் இல்லாததற்குச் சமம். கட்டண விவரத்தைப் படமாகப் போடுவதும் கிட்டத்தட்ட அப்படியே. எந்த இயந்திரம் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில், ஓபன்ஏஐ தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் ஓஏஐ-சர்ச்பாட்டைத் தடுத்துவிட்டு, சாட்ஜிபிடி தேடலில் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று ஊரை மட்டும் மாற்றி நாலு பக்கம் போடுவது தனித்துறை ஆகாது. கூகுளின் விதியில் அது ஸ்பேம்.

தேதியும் கவனம். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பது 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறின, 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வந்தது. எந்த ஆண்டுக்கான பதில் என்று பத்தியிலேயே எழுதி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துத் தர வேண்டும். பட்டயக் கணக்காளர் சட்டம் 1949இன் முதல் அட்டவணை வாடிக்கையாளர் பிடிப்பதற்கும் விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 'குமரியின் நம்பர் ஒன்' என்று எழுதும் முன் பட்டயக் கணக்காளர் கழகத்தின் நடப்பு வழிகாட்டுதலைப் படிக்கவும்.

துறையைத் தேர்வு செய்யப் போன வருடத்து ஃபைல்களை வகைவாரியாக எண்ணினால் போதும். கல்ஃப்காரர், தோட்டக்காரர், சபை அறக்கட்டளை, முந்திரி ஆலை என்று பிரித்துப் பார்த்தால், எந்தக் கேள்விக்குப் புத்தகம் பார்க்காமல் பதில் வருகிறதோ அதுவே துறை.

வழக்கில் இப்படிச் சொல்லலாம்: "எங்க ஆபீசோட தனித்துறை ரப்பர் தோட்டக் கணக்கு." "தனித்துறைப் பக்கம் மூணு போட்டாச்சு, பொதுப் பக்கம் ஒண்ணு போதும்." சுவரில் விளக்கு வைக்க மட்டும் மாடக்குழி.