மென்பொருள் ஓட்டையைக் கண்டவர் யாரிடம் சொல்ல வேண்டும்? செர்ட்-இன் வழிமுறையும் சட்டத்தின் எல்லையும்

ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணத் தளத்தில் தம் ரசீதைத் திறக்கும் மென்பொருள் பணியாளர் ஒருவர், அந்தப் பக்கத்தின் இணைய முகவரியின் கடைசியில் உள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வீட்டுக்காரரின் பெயர், கைபேசி எண், பாக்கித் தொகை எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. இப்படி ஒன்று அகப்பட்டால், பெங்களூரில் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நம்மவர்களிடையே விவாதம் பெரும்பாலும் அதை எப்போது வெளியிடலாம் என்பதில்தான் சூடுபிடிக்கிறது. அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, எண்ணை மாற்றிப் பார்த்த செயலைச் சட்டம் எவ்வாறு கருதுகிறது என்பது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில், உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதையும், அதிலிருந்து தரவை இறக்குவதையும் நகலெடுப்பதையும் தனித்தனியே குறிப்பிட்டு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டிய செயல்களாக வைத்திருக்கிறது. அவற்றையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு சோதித்தவர் 66ஆம் பிரிவுக்கு எதிராக வாதாடலாம். ஆனால் அணுகல், நகலெடுத்தல் பற்றிய 43ஆம் பிரிவின் உட்பிரிவுகள் நோக்கம் என்னவென்று கேட்பதில்லை. பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கென்று தனி விலக்கு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை. ஓட்டையைக் கண்டு சொல்பவர்களுக்குப் பரிசுத் திட்டம் நடத்தும் நிறுவனங்கள் எந்தத் தளத்தை, எந்த முறையில் சோதிக்கலாம் என்று எழுதி வெளியிட்டிருந்தால் அந்த எல்லைக்குள் அதுவே அனுமதி. எல்லையைத் தாண்டினால் அந்த அனுமதி துணைக்கு வராது.

அனுமதி எதுவும் இல்லாத இடத்தில் தற்செயலாகக் கண்ட குறைபாட்டைத் தெரிவிக்க இரு வழிகள் உள்ளன. நிறுவனத்துக்கே நேரடியாக எழுதலாம். அங்கே பதில் இல்லாவிட்டாலோ, எழுதத் தயக்கம் இருந்தாலோ, சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் தேசிய முகமையாகச் செயல்படும் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்கலாம். குறைபாடுகளைப் பொறுப்புடன் வெளிப்படுத்துவதற்கான கொள்கை ஒன்றை அது வெளியிட்டிருக்கிறது. அதன்படி ஆய்வாளருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவே நின்று ஒருங்கிணைக்கிறது. இந்தியத் தயாரிப்புகளின் குறைபாடுகளுக்கு சிவிஇ எனப்படும் உலகப் பொதுவான அடையாள எண் வழங்கும் அதிகாரமும் 2021 முதல் அதற்கு உண்டு. ஆனால் இந்தக் கொள்கை தகவல் போய்ச் சேர வழி செய்கிறதே ஒழிய, 43ஆம் பிரிவிலிருந்து காக்கும் கவசம் அன்று. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே எங்கே நிறுத்துவது என்பதே முக்கியம். ஒயிட்ஃபீல்டு எடுத்துக்காட்டில், ஒரு ரசீது திறந்ததுமே ஓட்டை இருப்பது உறுதியாகிவிட்டது. நானூறு வீடுகளின் ரசீதுகளையும் ஸ்கிரிப்ட் எழுதி இறக்கினால் நிரூபணம் கூடுவதில்லை, பொறுப்புதான் கூடுகிறது. எழுதும் அறிக்கையில் எந்தப் பக்கம், எந்தப் பயனர் கணக்கிலிருந்து, இந்திய நேரப்படி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு, எந்த எண்ணை எதுவாக மாற்றினீர்கள் என்பதும், பிறர் பெயரும் எண்ணும் மறைக்கப்பட்ட ஒரு திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) போதும். பணம் கொடுத்தால் சொல்கிறேன், இல்லையேல் வெளியிடுவேன் என்ற தொனி ஒரு வரியில் வந்தாலும், பேச்சு பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவான மிரட்டிப் பறித்தலுக்குப் போய்விடலாம்.

நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை அரசின் நேரச் சேவையோடு ஒத்திசைக்க வேண்டும், கணினியில் நடப்பவற்றைக் குறிக்கும் பதிவேடுகளை (லாக்) 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும். பக்கத்தைத் திறக்க நீங்கள் தளத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையும் அந்தப் பதிவேட்டில் இருக்கும். ஒருமுறை பார்த்தேன் என்று எழுதிவிட்டு அங்கே முப்பது முறை இருந்தால் நல்லெண்ணத்தை விளக்குவது கடினம்.

அதே உத்தரவில் உள்ள 6 மணி நேர விதி ஆய்வாளருக்கானது அன்று, நிறுவனங்களுக்கானது. தரவுக் கசிவு, அனுமதியற்ற அணுகல் போன்ற சம்பவங்களைத் தாமே கவனித்தோ பிறர் சொல்லித் தெரிந்துகொண்டோ 6 மணி நேரத்துக்குள் அவை செர்ட்-இன்னிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறையோ, 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. வெளியார் அனுப்பும் மின்னஞ்சலிலேயே இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கக்கூடும் என்பதை வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் பெரும்பாலும் உணர்வதில்லை. அந்தக் கடிதம் குறைகேட்புப் பெட்டியில் கிடந்தால் நட்டம் நிறுவனத்துக்கே.

ஒரு வகைத் தளங்களை மட்டும் தொடவே கூடாது. 70ஆம் பிரிவின்கீழ் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அமைப்புகளில் நுழைந்தாலும், நுழைய முயன்றாலும் 10 ஆண்டு வரை சிறை; ஆதாரின் மையத் தரவகம் அத்தகையது. முக்கிய உள்கட்டமைப்பு சார்ந்த குறைபாடு தானாகக் கண்ணில் பட்டால், அதற்கான தேசிய மையமான என்சிஐஐபிசி நடத்தும் தனி வெளிப்படுத்தல் திட்டத்துக்கு எழுத வேண்டும்.

வெளியிடும் நாளைப் பொறுத்தவரை, கூகுளின் ஓட்டை ஆய்வுக் குழுவான ப்ராஜெக்ட் ஸீரோ 90 நாள், அமெரிக்காவில் குறைபாட்டு வெளிப்படுத்தலை ஒருங்கிணைக்கும் செர்ட்-சிசி 45 நாள் என்று வைத்திருக்கும் கெடுக்களை நம்மவர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. அவை அந்தந்த அமைப்பின் நடைமுறைகள். கெடு முடிந்தது என்பதால் இங்கே சட்டப்படி உரிமை எதுவும் பிறந்துவிடாது. திருத்தம் வந்த பிறகு, பிறர் தரவு எதுவும் இல்லாமல் எழுதுவதே பாதுகாப்பு.

அனுப்பிய தகவல் என்னவாயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாமென்றால், 2023 நவம்பரில் செர்ட்-இன் அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு மட்டுமே அங்கே வழி உண்டு. எனவே அறிக்கையின் நகலையும், செர்ட்-இன் தரும் ஒப்புகை எண்ணையும், அதன்பின் நடந்த கடிதப் போக்குவரத்தையும், அலுவலக மின்னஞ்சலில் அல்லாமல், வேலை மாறினாலும் கையில் இருக்கும் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.