கேப்பிட்டல் அஃபென்ஸ் என்பது கொடுங்குற்றமா?

அமெரிக்கச் சட்டச் செய்திகளைத் தமிழில் தருபவர்கள் 'கேப்பிட்டல் அஃபென்ஸ்' வந்தாலே 'கொடுங்குற்றம்' என்று போட்டுவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இலத்தீனில் 'காபுட்' என்றால் தலை. தலையை வாங்கும் தண்டனைக்குரிய குற்றம்தான் கேப்பிட்டல் அஃபென்ஸ். சொற்பிறப்பு இவ்வளவே.

கொடுமை வேறு, தண்டனை வேறு. 'கொடுங்குற்றம்' செயலின் தன்மையைச் சொல்கிறது. மூலச்சொல்லோ சட்டம் விதிக்கும் தண்டனையைச் சொல்கிறது. இது வெறும் சொல் சண்டை இல்லை என்பதற்குக் கொலராடோ மாநிலமே சாட்சி. அங்கே பொதுவாக எல்லாருக்கும் ஜாமீன் உரிமை உண்டு, ஆதாரம் வலுவாக இருக்கும் கேப்பிட்டல் குற்றங்கள் போன்ற சில விதிவிலக்குகளுக்கு இல்லை என்பது மாநில அரசமைப்பின் விதி. 2020இல் மரண தண்டனையை ஒழித்தார்கள். முதல் நிலைக் கொலை அன்றும் கொடுங்குற்றம், இன்றும் கொடுங்குற்றம். ஆனால் அதற்கு உயிர் போகும் தண்டனை இல்லை என்றானபின் அது கேப்பிட்டல் குற்றமா? இல்லை, எனவே ஜாமீன் உரிமை உண்டு என்று 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 நவம்பரில் 'திருத்தம் ஐ' என்ற அரசமைப்புத் திருத்தம் மக்கள் வாக்குக்கு வைக்கப்பட்டது. முதல் நிலைக் கொலையைப் பெயர் சொல்லியே விதிவிலக்கில் சேர்த்தது அது. மூன்றில் இரு பங்குக்கும் மேலானோர் ஆதரித்தார்கள். 'கொடுங்குற்றம்' என்று மொழிபெயர்த்த செய்தியை வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்துப் பாருங்கள். ஏன் வாக்கெடுப்பு நடந்தது என்றே புரியாது.

ஜாமீன் மறுப்பு பற்றி டெக்சாஸ் 2025 நவம்பரில் ஏற்ற மூன்றாம் முன்மொழிவு அப்படியல்ல. கொலை, கடுமையான ஆள்கடத்தல், ஆட்கடத்தல் வணிகம் என்று குற்றங்களை அதுவே பட்டியலிடுகிறது. அதைப் பற்றி எழுதும்போது 'கொடுங்குற்றங்கள்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, தமிழில் என்னதான் சொல்வது? 'தலைக்குற்றம்' என்றால் வேர் பிழைக்கும், பொருள் செத்துப்போகும்; முதன்மையான குற்றம் என்றே படிப்பவர் நினைப்பார். 'தூக்குக் குற்றம்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கொலராடோ கடைசியாக 1997இல் மரண தண்டனையை நிறைவேற்றியது நச்சூசியால். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'சாவொறுப்புக் குற்றம்' இருக்கிறது. ஒறுத்தல், அதாவது தண்டித்தல், நல்ல பழஞ்சொல். என் ஓட்டு 'மரண தண்டனைக் குற்றம்' என்பதற்கே. மரணமும் தண்டனையும் வடசொற்கள்தாம், இருக்கட்டும். தெருவில் போகிறவருக்கும் புரிகிறதே.

'ஜாமீன் மறுப்பு' என்பதைப் 'பிணைத்தொகை மறுப்பு' என்று எழுதுகிறவர்களை என்ன செய்ய? மறுக்கப்படுவது விடுதலை, பணமல்ல. மக்கள் வாக்குக்கு விடும் முன்மொழிவை ('பேலட் மெஷர்') 'வாக்குச்சீட்டு நடவடிக்கை' ஆக்கிய புண்ணியவான்களும் இவர்களேதாம்.