விண்ணப்பம் போட்டாயிற்றா? சரி, பர்மிட் எங்கே?

போன வாரமும் ஒரு குடும்பம். பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து தலைநகர் மணிலாவுக்கு, என்னிடம், விமானம் பிடித்து வந்திருந்தார்கள். மூன்று தலைமுறைத் தொழில், பெயர் வேண்டாம். அப்பா, இரண்டு மகன்கள், கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் அத்தை. அவரை இங்கே எல்லோரும் டீட்டா என்பார்கள், நானும் அப்படித்தான். புதிதாகத் திறக்கப்போகும் கிளையின் வரைபடத்தை என் மேசை முழுக்க விரித்து வைத்திருந்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்போது இருக்கும் பர்மிட் என்றைக்கு முடிகிறது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீட்டா ஃபைலைப் புரட்டினார். முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"பரவாயில்லை சார், ரினியூவலுக்குத்தான் அப்ளை பண்ணிவிட்டோமே" என்றார் மூத்த மகன்.

இந்த வாக்கியத்தை இந்த வருஷம் ஆறாவது தடவையாகக் கேட்கிறேன். குடும்ப நிறுவனங்களின் பர்மிட், லைசென்ஸ், பதிவு இவற்றைக் கட்டிக் காப்பதுதான் என் பிழைப்பு. எனவே கோபப்படக் கூடாது. ஆனாலும் வந்தது. வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். 2020 மே 5 அன்று இரவு 7.52-க்கு ஏபிஎஸ்-சிபிஎன் டிவியின் சேனல் 2 இருண்டுபோனதைத் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்த குடும்பம் அது.

ஏபிஎஸ்-சிபிஎன் எப்படி வளர்ந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கம் லோபெஸ் குடும்பம் அல்ல. 1946-ல் ஜேம்ஸ் லிண்டன்பெர்க் என்ற அமெரிக்க எஞ்சினியர் பொலினாவோ எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி வைத்தார். டிவி நடத்த ஆசை, கையில் பணமில்லை. 1952-ல் அதை வாங்கி ஏபிஎஸ் என்று பெயர் மாற்றியவர் அன்டோனியோ கிரினோ, அப்போதைய ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் தம்பி. 1953 அக்டோபர் 23-ல் முதல் ஒளிபரப்பு. அடுத்த மாதம் தேர்தல். அண்ணன் மறுபடி ஜெயிக்க டிவி உதவும் என்பது கணக்கு. அண்ணன் மக்சாய்சாயிடம் தோற்றார், டிவி மட்டும் மிஞ்சியது. இந்த நாட்டில் டிவி பிறந்ததே ஓர் அரசியல்வாதியின் வீட்டுத் திண்ணையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லோபெஸ் குடும்பத்துக்கு இலோயிலோ பூர்வீகம், கரும்பில் சம்பாதித்தவர்கள். அண்ணன் யூஹெனியோ கையில் மணிலா கிரானிக்கிள் பத்திரிகை, தம்பி ஃபெர்னாண்டோ நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்தவர். 1956-ல் சிபிஎன் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தைத் தொடங்கி மறு வருஷமே கிரினோவின் ஏபிஎஸ்ஸை வாங்கிவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாப்கினில் எழுதப்பட்டது என்று சொல்வார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் கதையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும்.

1972 செப்டம்பரில் ஜனாதிபதி மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். நிலையம் மூடப்பட்டது, கட்டடமும் கருவிகளும் அவருக்கு வேண்டியவர்களிடம் போயின. யூஹெனியோவின் மகன் ஹெனி லோபெஸ் சிறைக்குப் போனார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1975-ல், அப்பா சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். 1977-ல் ஹெனி சிறையிலிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1986 பிப்ரவரியில் மார்க்கோஸ் ஓடினார், செப்டம்பர் 14-ல் சேனல் 2 மறுபடி வந்தது.

அதன் பிறகு ஓட்டம்தான். 1992-ல் பங்குச் சந்தை. 1993-ல் ஸ்டார் சினிமா என்ற படக் கம்பெனி. 1994-ல் வெளிநாட்டில் வேலை செய்யும் ஃபிலிப்பினோக்களுக்காக டிஎஃப்சி என்ற சேனல். கேபிள், இசை, பத்திரிகை, டிஜிட்டல் டிவிப் பெட்டி, 2015-ல் குழந்தைகள் விளையாட ஒரு பொம்மை நகரம் வரைக்கும் போனார்கள். "கபமில்யா" என்ற சொல்லையே, அதாவது குடும்பத்தில் ஒருவர் என்பதையே, தங்கள் முத்திரையாக்கிக்கொண்டார்கள். 2020-ல் சுமார் 11,000 பேருக்கு வேலை கொடுத்த வீடு.

இத்தனையும் நின்றது குடியரசுச் சட்டம் 7966 என்ற ஒரு சட்டத்தின் மேல். 1995 மார்ச் 30-ல் கையெழுத்தானது. ஆயுள் 25 வருஷம். இங்கே டிவி நடத்த ஓர் அதிகாரியின் கையெழுத்து போதாது. காங்கிரஸே, அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றமே, தனிச் சட்டம் போட்டு ஃபிரான்சைஸ் என்ற அனுமதியைத் தர வேண்டும். 2020 மே 4-ல் அந்த 25 வருஷம் தீர்ந்தது. மறுநாள் தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஜூலை 10-ல் கீழவைக் குழு 70-க்கு 11 என்ற கணக்கில் புதிய ஃபிரான்சைஸை மறுத்தது. ஆகஸ்ட் 31-ல் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆண்டு நஷ்டம் 1,350 கோடி பெசோ.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "அது டுடெர்டே பழிவாங்கியது சார். நமக்கு யார் எதிரி?" அரசியல் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அப்போதைய ஜனாதிபதி டுடெர்டே வெளிப்படையாகத்தான் பேசினார். வரித் துறையும் பங்குச் சந்தை ஆணையமும் செனட்டில் வந்து நிறுவனத்தின் மேல் குற்றம் ஏதும் சொல்லவில்லை. அப்படியும் மூடினார்கள். மார்க்கோஸுக்கு 1972-ல் சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். 2020-ல் ஒரு தேதி போதுமாக இருந்தது. உங்களுக்கு எதிரி இல்லை என்கிறீர்கள், நல்லது. பக்கத்து மனைக்காரர், பழைய பங்காளி, தேர்தலில் நீங்கள் நன்கொடை கொடுக்காமல் விட்ட மேயர், யாருமே இல்லையா?

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "அப்ளை பண்ணிவிட்டோம்."

ஏபிஎஸ்-சிபிஎன் கடைசி நிமிடத்தில் தூங்கி எழுந்ததா? இல்லை. 2014-லேயே புதுப்பிக்கும் மசோதா தாக்கலாகிவிட்டது. ஆறு வருஷம் முன்னால்! அந்தக் காங்கிரஸ் முடிவதற்குள் வேலை ஆகவில்லை. இங்கே மூன்று வருஷத்துக்கு ஒரு காங்கிரஸ். அது கலைந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்களும் செத்துவிடும், அடுத்ததில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினார்கள். அதுவும் நகரவில்லை. மறுபடி தொடங்கினார்கள். 2020 மே மாதம் அவர்கள் விண்ணப்பம் உயிரோடுதான் இருந்தது, நிலுவையில். ஃபிரான்சைஸ் செத்துப்போனது.

புரிகிறதா? விண்ணப்பம் வேறு, அனுமதி வேறு. விண்ணப்பம் என்பது நீங்கள் கேட்டது. அனுமதி என்பது அவர்கள் கொடுத்தது. கேட்டதற்கு ரசீது தருவார்கள், முத்திரை குத்துவார்கள், நம்பர் போடுவார்கள். அந்த ரசீதை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டிய ஒருவரைக் கூட எனக்குத் தெரியும். "முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடரும்" என்று சட்டமோ விதியோ எழுத்தில் சொன்னால் தொடரும். சொல்லாவிட்டால் இல்லை. உங்கள் பர்மிட்டுக்கு அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் "வழக்கம்தானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

வழக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மசோதா நிலுவையில் இருக்கும்போது ஃபிரான்சைஸ் காலாவதியான நிறுவனங்களைத் தொடர்ந்து இயங்க விடுவதுதான் இங்கே அதுவரை வழக்கம். அதை நம்பினார்கள். 2020 பிப்ரவரியில் நீதித்துறைச் செயலர் தற்காலிக அனுமதி கொடுக்கலாம் என்று கடிதமே எழுதினார். மார்ச்சில் தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் காங்கிரஸ் குழுவின் முன் உட்கார்ந்து அந்த ஆலோசனைப்படி நடப்போம் என்றார். மே தொடக்கத்தில், அப்படிக் கொடுத்தால் உங்கள் மேலேயே வழக்கு வரும் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் எச்சரித்தார். ஆணையம் கொடுக்கவில்லை. கடிதம் இருந்தது, பேச்சு இருந்தது, வழக்கம் இருந்தது. கையில் உத்தரவு இல்லை.

இன்னொரு குழப்பம், இது புதிதாக முளைத்தது. முன்பு இங்கே கம்பெனிகளுக்கே 50 வருஷம்தான் ஆயுள். 2019-ல் திருத்திய கம்பெனிச் சட்டம் வந்து ஆயுள் வரம்பை எடுத்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் பலர், "இனிமேல் நமக்கு எக்ஸ்பைரி இல்லையாமே" என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஐயா, எக்ஸ்பைரி இல்லாதது கம்பெனிக்கு. கம்பெனி கையில் இருக்கும் அனுமதிகளுக்கு அல்ல. ஏபிஎஸ்-சிபிஎன் கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது.

இருக்கிறது என்றால் எப்படி? அதுதான் குடும்பங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம். அலைவரிசை போனது, கதைகளும் நடிகர்களும் தயாரிப்பும் போகவில்லை. கேபிளிலும் இணையத்திலும் ஓட்டினார்கள். வேறொரு சேனலில் பிளாக்டைம், அதாவது ஒளிபரப்பு நேரத்தைக் காசு கொடுத்து, வாங்கினார்கள். அறுபது வருஷப் போட்டியாளரான ஜிஎம்ஏ டிவியில் 2024-ல் அவர்களுடைய மத்தியான நிகழ்ச்சி ஓடத் தொடங்கியது. சேனல் 2-இன் அலைவரிசை 2022-ல் வில்லார் குடும்பத்தின் நிறுவனத்துக்குப் போனது. 2024-ல் ஏபிஎஸ்-சிபிஎன் செய்தி மறுபடி சேனல் 2-ல் வந்தது, வாடகைக்கு வந்தவர் மாதிரி. 2025-ல் கேசோன் சிட்டி வளாக நிலத்தில் பெரும் பகுதியை அயலா லேண்ட் என்ற மனை வணிக நிறுவனத்துக்கு விற்றார்கள். நிலம் சொந்தம், அதனால் விற்க முடிந்தது. காற்று அரசாங்கத்தினுடையது. வளர்ச்சி என்று நாம் கூட்டிக் காட்டும் பட்டியலில் எது சொந்தம், எது கடன் வாங்கியது என்று இரண்டு நிறப் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். சில குடும்பங்களில் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

அப்புறம் அந்த விளம்பரப் பணம். ஜனாதிபதியின் கோபத்துக்கு ஒரு காரணம், 2016 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு அவருடைய விளம்பரங்கள் சிலவற்றைப் போடவில்லை என்பது. செனட் விசாரணையில் நிறுவனத்தின் தலைவர் கார்லோ கட்டிக்பாக் கணக்குச் சொன்னார்: ஒளிபரப்பாகாமல் போன உள்ளூர் விளம்பரம் சுமார் 70 லட்சம் பெசோ. அதில் திருப்பிக் கொடுக்கத் தாமதமானது 26 லட்சம். கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கட்டிக்பாக் மன்னிப்புக் கேட்டார், ஜனாதிபதியும் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். அதன் பிறகும் என்ன நடந்தது என்று மேலே படித்துவிட்டீர்கள். ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி புரளும் வீட்டில் 26 லட்சம் என்பது யாரோ ஒரு கிளார்க்கின் மேசையில் கிடக்கும் தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை அன்றைக்கே கொடுங்கள். அதிலும் அரசியல்வாதியின் பணம் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அனுமதிக்கும் மூன்று தேதி எழுதுங்கள்: முடிகிற நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள், நாம் வேலையைத் தொடங்கும் நாள். மேயர் பர்மிட்டுக்கு, அதாவது ஊரில் தொழில் நடத்தும் அனுமதிக்கு, ஜனவரி 20 கடைசி நாள் என்பது நாய்க்கும் தெரியும், ஆனாலும் 19-ஆம் தேதிதான் எனக்கு போன் வருகிறது. காங்கிரஸ் சம்பந்தப்பட்டது என்றால் ஒரு காங்கிரஸ் கைவிடும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். ஜிஎம்ஏவுக்கும் அதே காங்கிரஸ், அதே ஜனாதிபதிதான். 2017-ல் 25 வருஷத்துக்கு வாங்கிவிட்டார்கள். சகுனம் சரியில்லாத வருஷத்தில் உங்கள் தேதி வந்து நிற்கும்படி விடாதீர்கள். அதிகாரி வாயால் சொன்னதை அன்று மாலையே கடிதமாக எழுதி அவரிடம் பதில் வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் அவர் சொல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அனுமதியின் தலையில் எல்லாத் தொழிலையும் ஏற்றாதீர்கள்.

நோட்டு யாரிடம் இருக்கும் என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். குடும்பத் தொழிலில் "எல்லோருக்கும் தெரியும்" என்றால் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் தம்பியைக் கைகாட்டுவார், தம்பி கணக்குப்பிள்ளையை. தயவுசெய்து ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அவருக்கு அப்பாவையே அதட்ட அதிகாரம் கொடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். உங்கள் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

செபுக்காரர்களுக்குக் கிளைத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். பழைய பர்மிட்டின் அலுவலகத்துக்கு மறுநாள் காலை நேரில் போகச் சொன்னேன். மகன்களுக்கு என் மேல் வருத்தம்தான். மாலையில் விமான நிலையத்திலிருந்து டீட்டா மட்டும் போன் செய்தார். அங்கேயே கடையில் ஒரு நோட்டு வாங்கிவிட்டாராம்.

"சார், தீயணைப்புச் சான்றிதழையும் எழுதணுமா?"

"எழுதுங்கள் டீட்டா. அது என்றைக்கு முடிகிறது?"

பை திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.