ஒரு பட்டனா, ஒரு பக்கமா, எல்லாமுமா?

கையடக்க கேமிங் கருவியை என் மேசைக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள்: "அண்ணா, பட்டன் எதுவும் வேலை செய்யல." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். எதுவுமே இல்லையா, ஒரு பக்கம் மட்டுமா, இல்லை ஒரே ஒரு பட்டனா? பலருக்குப் பதில் தெரியாது. ஆட்டத்தின் நடுவில் கடுப்பாகிக் கருவியைக் கீழே வைத்தவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு பட்டன் மட்டும் கேட்கவில்லை என்றால் அதன் அடியிலுள்ள ரப்பரோ, அழுக்கோ, அந்தத் தொடுபுள்ளியோதான் காரணம். ஒரு பக்கம் முழுவதும் செத்திருந்தால் ரிப்பன் கேபிளைச் சந்தேகிக்கலாம். பல கருவிகளில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிச் சிறு போர்டு இருக்கிறது, அதை மெயின் போர்டோடு இணைப்பது அந்த மெல்லிய பட்டைதான். கீழே விழுந்த கருவியிலும், ஏற்கெனவே யாரோ திறந்து மூடிய கருவியிலும் அது லேசாக நழுவியிருக்கும். எல்லாப் பட்டனும், கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு ஸ்டிக்கும் ஒரே நாளில் ஓய்ந்துவிட்டன என்றால், டச் ஸ்கிரீன் மட்டும் நன்றாக வேலை செய்கிறது என்றால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். இத்தனை பாகங்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே இரவில் தேய்வதில்லை. அது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டீம் டெக், ஆர்ஓஜி ஆலை (ROG Ally) போன்ற கையடக்கக் கருவிகள் உள்ளுக்குள் முழுக் கம்ப்யூட்டர்கள். உடம்போடு ஒட்டியிருக்கும் பட்டன்களைக் கூட அவை உள்ளே செருகப்பட்ட ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலராகத்தான் பார்க்கின்றன. அந்தக் கன்ட்ரோலருக்கென்று தனிச் சிப், அதை இயக்கும் தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்). ஸ்லீப்பிலிருந்து எழும்போது சிஸ்டம் விழித்துக்கொள்ளும், கன்ட்ரோலர் சில சமயம் விழிக்காது. பவர் பட்டனைத் தட்டினால் கருவி அணைந்துவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். அது வெறும் தூக்கம். வாரக்கணக்கில் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகாத கருவிகள் நிறைய வருகின்றன. டச் ஸ்கிரீன் வழியாக முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். திரையும் உறைந்திருந்தால் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்திப் பிடித்து, முழுக்க அணைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த சந்தேகம் இன்னொரு கன்ட்ரோலர் மேல். டிவியில் ஆடுவதற்காக எப்போதோ ப்ளூடூத்தில் இணைத்த கன்ட்ரோலர், சோபா மெத்தைக்கு அடியில் அழுந்தி ஆன் ஆகியிருக்கும். முதல் ஆட்டக்காரர் இடத்தை அது பிடித்துக்கொள்ள, கையிலிருக்கும் பட்டன்கள் இரண்டாம் ஆட்டக்காரராகிவிடும். ஒருவர் மட்டும் ஆடும் கேம் இரண்டாமவரைக் கண்டுகொள்ளாது. ஒரு அம்மா கொண்டுவந்த கருவிக்கு வேறொரு கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ப்ளூடூத்தை அணைத்தேன், பட்டன்கள் உயிர்பெற்றன. "அவ்ளோதானா தம்பி?" என்று கேட்டவர் முகத்தில் நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது, நியாயமான கோபம்.

மூன்றாவது, டெஸ்க்டாப் குழப்பம். ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் போட்டவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான். கேம்களை இயக்கும் ஸ்டீம் செயலி ஓடாதபோது டெக்கின் பட்டன்களும் டச் பேடும் கீபோர்டு, மவுஸ் போல நடிக்கும், கேம் கன்ட்ரோலராக அல்ல. கேம் தேடுவதோ கன்ட்ரோலரை. 2023ல் வந்த ஆர்ஓஜி ஆலையில் பட்டன்கள் எப்படி நடிக்க வேண்டும் என்பதை ஆர்மரி க்ரேட் என்ற செயலி பார்த்துக்கொள்கிறது. திரைக்குப் பக்கத்திலுள்ள கமாண்ட் சென்டர் பட்டனை அழுத்தினால் கன்ட்ரோல் மோடை கேம்பேட், டெஸ்க்டாப், ஆட்டோ என்று மாற்றலாம். ஆட்டோ சில கேம்களைச் சரியாக அடையாளம் காணாது. கேம்பேட் என்று நீங்களே வைத்துப் பாருங்கள். ஆர்மரி க்ரேட் அப்டேட் பாதியில் நின்றிருந்தாலும் பட்டன்கள் பிடிவாதம் பிடிக்கும், அதை முழுதாக முடித்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்டீம் டெக்குக்கு ஒரு அருமையான சோதனை உண்டு, செலவே இல்லை. முழுக்க அணைத்துவிட்டு, வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்தபடி பவரைத் தட்டினால் பயாஸ் மெனு வரும், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம். அங்கே திசைப் பட்டன்களையும் ஏ பட்டனையும் அழுத்தினால் மெனு நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அந்தப் பட்டன்களும் அவற்றின் கேபிளும் நலம், நோய் ஆபரேட்டிங் சிஸ்டத்திலோ கேம் செட்டிங்ஸிலோ இருக்கிறது. சிஸ்டத்துக்குள் போனபின் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் உள்ளீட்டைச் சோதிக்கும் பக்கம் இருக்கிறது. எந்தப் பட்டன் பதிவாகவில்லை என்று அதில் படத்திலேயே தெரியும். இதையெல்லாம் பார்க்காமல் முதலிலேயே ஃபாக்டரி ரீசெட் போடச் சொல்லும் யோசனை எனக்கு ஒப்பாது. அது கேம்களையும், கிளவுடில் ஏறாத ஸேவ்களையும், அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தீர்கள் என்ற பதிவுகளையும், துடைத்துவிடும்.

உண்மையிலேயே பட்டன்தான் கெட்டது என்றால் நம் ஊரில் முக்கியக் குற்றவாளி வியர்வையும் தின்பண்டமும். முறுக்கு தின்ற விரலின் எண்ணெய் பட்டன் இடுக்கில் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். 99 சதவீத ஐசோபிரோபைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு, கருவி அணைந்திருக்கும்போது இடுக்கில் ஓட்டலாம். ஊற்றக் கூடாது. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கைநடுங்கும். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் மறுபடியும் அழுக்கைச் சேர்க்கும். ஸ்டிக்குகளின் கதை வேறு. பெரும்பாலான கருவிகளில் அவற்றுக்குள் கார்பன் தடத்தில் உரசும் பாகம் இருப்பதால் தேய்மானம் தவிர்க்க முடியாதது. டெட் ஸோனை, அதாவது ஸ்டிக்கின் சிறு அசைவைக் கருவி கண்டுகொள்ளாத எல்லையை, கூட்டினால் ஸ்டிக்கைத் தொடாமலே ஆட்டம் தானாக நகர்வது மறையும், தேய்மானம் மறையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். பட்டன்கள் இறுகி, பின்மூடி லேசாகப் புடைத்து, ஓரத்தில் இடைவெளி தெரிகிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடுங்கள்.

தானே திறப்பேன் என்பவர்களுக்கு: ஸ்டீம் டெக்கின் பின்மூடியைக் கழற்றும் முன் மைக்ரோ எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். எடுக்காமல் நெம்பினால் கார்டு இரண்டாக உடையும். பயாஸில் பேட்டரியைத் தூங்கவைக்கும் பேட்டரி ஸ்டோரேஜ் மோடு இருக்கிறது, திறப்பதற்கு முன் அதைப் போட்டுவிடுங்கள். உள்ளே போனதும் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். ரிப்பன் கேபிளை இழுக்கும் முன் அதன் பூட்டைத் தூக்குங்கள், நகம் போதும்.

நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஜாய்கானை, அதாவது பக்கவாட்டில் மாட்டும் கழற்றக்கூடிய கன்ட்ரோலரை, கழற்றித் தனியாக வைத்து ஆட்டிப் பாருங்கள். வயர்லெஸ்ஸில் வேலை செய்து, பக்கவாட்டில் மாட்டினால் மட்டும் செத்துப்போனால், பழுது அது சறுக்கி மாட்டும் தண்டவாளத்தின் தொடுமுனையில். எந்தப் பக்கத்துத் தொடுமுனை என்பதை நண்பரின் ஜாய்கானை மாட்டிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். 2019ல் வந்த ஸ்விட்ச் லைட்டில் இந்த வசதி இல்லை, பட்டன்களும் ஸ்டிக்குகளும் உடம்போடு சேர்ந்தவை. மொத்தக் கருவியையும் சர்வீஸுக்குக் கொடுத்தாக வேண்டும். மெமரி கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்விட்ச்சில் ஸேவ்கள் கார்டில் இல்லை, கருவியின் உள் நினைவகத்தில் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் கிளவுடில் ஏற்றவோ இன்னொரு ஸ்விட்ச்சுக்கு மாற்றவோ முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் முடியாதென்றால், "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யாதீர்கள்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.