இன்ஜினை இறக்கும் முன்பு டீசல் ஹோஸைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் ஒரு பிக்கப் போன மாதம் எங்கள் பட்டறைக்கு வந்தது. 2009 மாடல், நாலு சிலிண்டர் டீசல், பழைய மெக்கானிக்கல் பம்ப். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் நிறுத்தினால் ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி ஏறி இறங்குகிறது, கேபின் முழுக்க உதறுகிறது, மேட்டில் இழுவை இல்லை. "அண்ணே, கம்ப்ரஷன் போயிடுச்சாம். இன்ஜினை இறக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார், வண்டியைச் சொந்தமாக வாங்கி ஓட்டும் அந்தத் தம்பி. வீட்டு நகையை அடகு வைக்கும் முடிவோடுதான் வந்திருந்தார்.

கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம். அதை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம், சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார்களாம். கேஜ் போடாமல் கம்ப்ரஷன் போய்விட்டது என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுகிறது என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது, எப்போதும் ஒரே சிலிண்டர்தான் மிஸ் ஆகிறதா, மாறி மாறி ஆகிறதா என்பதை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இதற்கு ஒரு ஸ்பேனர் போதும். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்போம். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் உடனே சத்தம் மாறும், உதறல் கூடும். தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் படுத்திருப்பது அந்தச் சிலிண்டர்தான். அதன் நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டர் நாசிலோடு மாற்றிப் போடுவோம், புது காப்பர் வாஷரோடு. மிஸ்ஸிங் கூடவே நகர்ந்தால் நாசில் கோளாறு. அங்கேயே நின்றால் அப்புறம்தான் டேப்பட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் எல்லாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்தப் பைப்பில் டீசல் நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் வருகிறது. பீய்ச்சும் இடத்தில் விரல் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் வந்த டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். காமன் ரெயில் வண்டியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் புது வகை) மெக்கானிக்கும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், ஸ்கேனர்தான் வழி.

அந்தத் தம்பியின் வண்டியில் நாலு நட்டைத் தளர்த்தியபோதும் சத்தம் மாறியது. நாலுமே வேலை செய்கின்றன. அப்படியானால் டீசல் சீராக வரவில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் ஹோஸ் போட்டு ஸ்டார்ட் செய்தேன். கோலி சோடாவைத் திறந்ததுபோல் குமிழ் குமிழாகக் காற்று வந்தது.

"டேங்க் நிறைய இருந்தா நல்லா ஓடுதா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமாண்ணே, கால் டேங்குக்கு இறங்கினாத்தான் படுத்துது" என்றார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கிளிப்போடு கழற்றி வளைத்துப் பார்த்தோம். கிளிப் பிடித்த இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. வெளியே ஒரு சொட்டுகூட ஈரம் இல்லை. பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் அது. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகாமல், காற்று உள்ளே போகும். இதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, கை பம்ப் அடித்து உள்ளே இருந்த காற்றை எடுத்ததும் ஸ்லோ ஏறி இறங்காமல் சீராகிவிட்டது. அன்று சாயங்காலமே லோடு ஏற்றினார்.

வண்டியைக் கொண்டுவரும்போது மூன்று விஷயம் கவனித்துச் சொல்லுங்கள். காலைக் குளிரில் மட்டும் உதறுகிறதா, சூடான பிறகுமா? டேங்கில் எவ்வளவு இருந்தபோது? புகை என்ன நிறம்? காலையில் கண் எரியும் வெள்ளைப் புகை என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் சரியாக எரியவில்லை. கருப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பேன், அடுத்து நாசில். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அப்போது மட்டும் வண்டியை ஓட்டி வராதீர்கள், மெக்கானிக்கை வண்டி நிற்கிற இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.